பன்னண்டு போதும்னு சொன்னவ

எண்பதுகளோட கடைசியில, ஈப்போவுல ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் அறையில எனக்கு வேலை. தற்காலிகம்தான், அப்பப்ப நீட்டுவாங்க. அப்பா பால்மரம் வெட்டின ரப்பர் தோட்டத்தை முதலாளிங்க வித்துட்டாங்க, நாங்க குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. ஈப்போவுலயே சிலிபின்ல ஒரு வாடகை வீடு பாத்து வெச்சிருந்தோம். எனக்கு வேலை நிரந்தரம்னு ஆனாத்தான் சாவின்னு வீட்டுக்காரர் கறாரா சொல்லிட்டாரு. அந்தக் கடுப்போடவே தினம் வேலைக்குப் போவேன்.

அறையில ஒரு சுவிட்ச் பெட்டி. கோலா கங்சார், தஞ்சோங் மாலிம் கிளைகளை எங்க பெரிய கம்ப்யூட்டரோட சேக்கிறது அதுதான். வெளியாள் ரிப்பேருக்கு வந்தா, நாங்க என்சிக்னு மரியாதையாக் கூப்பிடுற மலாய்க்கார மேனேஜர் அதுக்குள்ள நுழைய ஒரு தற்காலிகப் பேரு போட்டுக் குடுப்பாரு. சொன்ன நேரத்துல அது தானா செத்துப்போயிரும். மெயின் பாஸ்வேர்டு அவரு மண்டையில மட்டும். தற்காலிக ஆளுங்களுக்கு அதைச் சொல்லவே கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை கோலாலம்பூர்லேர்ந்து ஒரு டெக்னிஷியன் அண்ணன் வந்தாரு. கொஞ்ச நேர வேலைதான். எத்தனை மணி வரைக்கும் போடணும்னு மேனேஜர் கேட்டாரு, பன்னண்டு போதும்னேன். போட்டுக் குடுத்துட்டு அவரு வேற வேலையாப் போயி, அப்படியே தொழுகைக்கும் போயிட்டாரு.

அண்ணன் சுவத்துக் காலண்டரைப் பாத்தாரு. பத்தரைலேர்ந்து ராகு காலமாம், கை வைக்கமாட்டாராம். கோப்பியோட உக்காந்துட்டாரு. எனக்கு வந்த ஆத்திரம்! பெட்டிக்கு ஏதுண்ணே ராகு கேதுன்னு கேட்டேன். போன தடவை ராகு காலத்துல தொட்டு ஒரு கிளையே படுத்துருச்சுன்னு கதை சொன்னாரு. கெஞ்சி, ஏசி, பன்னண்டுக்குச் சித்த முன்னாடி எழுப்பிவிட்டேன். எல்லா லைனையும் வெட்டினாரு. திருப்பிச் சேக்கிறதுக்குள்ள மணி பன்னண்டு. பேரு செத்துப்போச்சு, பெட்டிக்குள்ள திரும்ப நுழைய முடியல.

அப்புறம் டெலிபோன் ஓயல. ரெண்டு கிளையும் மாத்தி மாத்திக் கத்துது. மேனேஜர் வரட்டும்னு ரெண்டு பேருக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன். வேலை போச்சு, வீடும் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

தொழுகை முடிஞ்சு மேனேஜர் வந்ததும் அண்ணன் முந்திக்கிட்டாரு. இந்தத் தங்கச்சி நேரத்தைக் குறைச்சுச் சொல்லிட்டான்னு. பாவி மனுஷன்! நான் ராகு காலம், கோப்பி, எல்லாத்தையும் மலாயில கொட்டித் தீத்துட்டேன். பன்னண்டுன்னு சொன்னது நான்தான்னும் சொன்னேன். மேனேஜர் மெயின் பாஸ்வேர்டைப் போட்டுப் பெட்டியைத் திறந்தாரு, பக்கத்துல நின்னு வேலையை முடிக்க வெச்சாரு, அண்ணனை அனுப்பிட்டாரு. என்னைக் கூப்பிட்டாரு.

"ஒரே ஆளு மண்டையில இருந்தா இப்படித்தான் ஆகும். நீயும் தெரிஞ்சுக்க"ன்னு மெயின் பாஸ்வேர்டை மெதுவாச் சொன்னாரு.

"நான் தற்காலிகம் ஆச்சே, என்சிக்."

"திங்கக்கிழமைலேர்ந்து இல்ல."

சாயங்காலம் நேரா சிலிபின் பஸ்ஸைப் பிடிச்சேன், சாவி கேக்க. வழி நெடுக வாய்க்குள்ள அந்தப் பாஸ்வேர்டையே முணுமுணுத்துக்கிட்டுப் போனேன், மறந்துட்டா வீடு கைவிட்டுப் போயிருமோன்னு.