இறைச்சிக்குள் என்ன போடுகிறார்

பதினேழு வருட மணவாழ்க்கையில் என் மனைவி நான் சமைத்த எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அந்தச் சுட்ட இறைச்சிக் கடை திறந்த முதல் மாதத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், விரலை நக்கிக்கொண்டே மூன்றாவது துண்டுக்குத் தட்டை நீட்டினாள். கரியில் வாட்டிய ஆட்டு விலா. ஓரம் கருகியிருந்தது, உள்ளே சாறு வற்றவில்லை. "இதுதானப்பா இறைச்சி" என்றாள். என்னைக் குத்திச் சொல்லவில்லை என்று இன்று தெரிகிறது. அன்று அது என் காதில் அப்படி விழவில்லை.

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு இறைச்சி சுடுகிறவன் அதுவரை நான்தான். எண்பதுகளின் நடுவில் வந்ததிலிருந்து, எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் கோடையில் பூங்காவில் கூடும்போதெல்லாம் அடுப்பு என் பொறுப்பு. எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக வெட்டிக் கால் பூட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து மாமியார் அனுப்பும் வறுத்த மிளகாய்த்தூள், தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளி, உப்பு. இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் அது எங்கள் இறைச்சியல்ல என்பது என் கட்சி. ஊரில் கணித ஆசிரியராக இருந்த நான் இங்கே கவுன்சிலில் கோப்பு எழுதும் எழுதுவினைஞன். பழைய மதிப்பில் எனக்கு மிஞ்சியிருந்தவை 'மாஸ்ரர்' என்ற பெயரும் அந்தப் பீப்பாயும்தான். நகரின் மறுகோடியில் எட்மண்டனிலிருந்தும் கிங்ஸ்பரியிலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் நின்று, "மாஸ்ரர், எனக்குக் கருகினதாப் பாத்துப் போடுங்கோ" என்பார்கள். அந்த வரிசைக்காகவே நான் வருடம் முழுவதும் காத்திருந்தேன்.

கடைக்காரர் மட்டக்களப்புக்காரர். என்னைவிட மூத்தவர், ஆகவே அண்ணை என்பேன். அவர் என்னைத் தேடி வந்தது படிவம் நிரப்ப. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் பலருக்கும் அந்த வேலையை நான் செய்துவந்தேன். அவருக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்திருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட வேண்டுமானால், அவர்களைச் சொந்த உழைப்பில் காப்பாற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அவரால் காட்டக்கூடியது அந்தக் கடை ஒன்றுதான். மகளுக்குப் பதினாறரை வயது. பதினெட்டு ஆன பிறகு விண்ணப்பித்தால் பிள்ளையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவளுடைய பிறந்த திகதியை என் கையாலேயே எழுதினேன். ஆகவே அந்தக் கடை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை.

இறைச்சிக்கு என்ன சேர்க்கிறார் என்பதும் தெரியும். நான் கேட்காமலே சொன்னார். "ஒரு ரகசியமும் இல்ல மாஸ்டர். தயிரைச் சீலையில கட்டித் தொங்க விடுறன், தண்ணி வடியட்டும் எண்டு. பிறகு மிளகு, உள்ளி, கொஞ்சம் தேங்காய்ப்பால். எங்கட பக்கத்து எருமைத் தயிர் எண்டா இன்னும் நல்லா இருக்கும். இஞ்ச எருமைக்கு எங்க போற?" மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் நானும் வீட்டில் அதைச் செய்து பார்த்தேன். சரியாக வரவில்லை. குப்பையில் கொட்டி, மேலே பத்திரிகையால் மூடிவிட்டேன்.

அந்தக் கோடையில் பூங்காவில் என் வரிசை சின்னதாக இருந்தது. நின்ற சிலரும் என் அடுப்படியில் நின்றபடி அவருடைய இறைச்சியைப் பற்றியே பேசினார்கள். "மாஸ்ரர், அந்த மட்டக்களப்பார் என்னத்தையப்பா போடுறார்?" என்று ஒருவர் கேட்டார். தயிர் என்று நான் சொல்லியிருக்கலாம்.

"அவையள் என்ன போடுவினம் எண்டு உமக்குத் தெரியாதே?" என்றேன். "மூண்டுதரம் திண்டீரெண்டால் பிறகு பாயை விட்டு எழும்ப மாட்டீர்."

எல்லாரும் சிரித்தார்கள். மட்டக்களப்பார் சோற்றில் வசிய மருந்து கலந்து, வந்தவனைத் தங்கள் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பது யாழ்ப்பாணத்தாராகிய எங்களுடைய பழைய கெட்ட பழக்கம். "அப்ப நீங்களும் கொஞ்சம் போட்டிருக்கலாமே மாஸ்ரர், மனுசியாவது உங்கட கடையை விட்டுப் போகாமல் இருந்திருப்பா" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். "பகிடியை விடுங்கோ மாஸ்ரர். என்ரை பெடியன் பேசி வந்த சம்பந்தத்தை வேண்டாம் எண்டுறான். கிழமையிலை மூண்டு நாள் அந்தக் கடையிலைதான் சாப்பாடு. நீங்கள் படிச்ச மனிசன், உண்மையைச் சொல்லுங்கோ." அந்தப் பையன் தன்னோடு வேலை செய்யும் ஒரு குஜராத்திப் பெண்ணை விரும்புவது எனக்குத் தெரியும். "கொஞ்ச நாளைக்கு அங்கை விடாமல் பாருங்கோவன்" என்றேன். பூங்காவில் சொன்னதைப் பகிடி என்று தள்ளிவிடலாம். இதை அப்படித் தள்ள முடியாது.

அந்தக் கதையை நம்புவதாக எவரும் சொல்லவில்லை. "எங்களுக்கேன் வம்பு" என்றுதான் சொன்னார்கள். தாய்மார் பிள்ளைகளை மறித்தார்கள். பிள்ளைகள் போகாததால் நண்பர்களும் போகவில்லை. மாரிக் குளிர் முழுவதும் என் மனைவி மட்டும் தனியாக நடந்துபோய் அங்கே சாப்பிட்டு வந்தாள். அவளுடைய கோட்டில் புகை மணக்கும். கதவுக்குப் பின்னால் அதைக் கொழுவிவிட்டு உள்ளே போவாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை அண்ணை விண்ணப்பக் கோப்போடு வந்தார். "கடையப் பூட்டிட்டன் மாஸ்டர். அத விசாக் கந்தோருக்கு அறிவிக்கணும்தானே. நல்ல இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தாங்க." எழுதினேன். பிழையில்லாத, மரியாதையான கடிதம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் லண்டனை விட்டுப் போய் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, நிலைத்து, மறுபடி விண்ணப்பித்தபோது மகளுக்குப் பத்தொன்பது. மனைவி மட்டும் வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று காலை, கடிதத்தை மடித்து வைத்தபின்னும் அவர் எழும்பவில்லை. "உங்களோட நாலு பேர் பழகுறாங்க மாஸ்டர். இந்தக் கதைய முதல்ல ஆர் சொன்ன எண்டு விசாரிச்சுச் சொல்லுவீங்களா? சண்டைக்கு இல்ல. ஏன் கடை பூட்டின எண்டு மகள் கேட்டு எழுதியிருக்கா. ஒரு காரணம் எழுதணும்."

"விசாரிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி காலமாகி ஆறு வருடம். கடைக்கார அண்ணை உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால் இது அவர் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். அண்ணை, விசாரித்துவிட்டேன். முதலில் சொன்னவன் நான். ஏன் சொன்னேன் என்றால், உங்கள் இறைச்சி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மகளுக்கு அப்படியே எழுதுங்கள்.