முயல் மன்னிப்புக் கேட்கும்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளியில் ‘கடுகடு’ என்று பட்டப்பெயர். அடுத்த அறையில் பாடம் நடத்தும் எனக்குக் காரணம் தெரியும். வகுப்பில் வாசித்துக் காட்டச் சொல்லி மேலிடம் அனுப்பும் கதைப் புத்தகங்களைப் பார்த்தாலே, இருபது வருடமாக அவருக்குக் குமட்டுகிறது. எதை எடுத்தாலும் சொல்பேச்சுக் கேட்காத முயலோ குருவியோ கடைசிப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கும். இதையெல்லாம் யார்தான் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிறார்களோ!

போன வாரம் ஆய்வாளர் வந்தார். கதையைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளை ஊகிக்க வைப்பதுதான் இந்த வருடத்துப் பயிற்சி. மேலிடம் அனுப்பிய புதுப் புத்தகத்தின் அட்டையை டீச்சர் காட்டியதுமே, “முயல் சாரி கேட்டுடும் டீச்சர்!” என்று வகுப்பே கத்தியது.

“ஊகிக்கிற திறமை பிரமாதம்!” என்று ஆய்வாளர் பூரித்துப்போனார்.

செத்த எலியைத் தூக்குவதுபோல் டீச்சர் அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டார். தன் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, தொலைந்த நாயைத் தேடும் சிறுமியின் கதையை வாசித்தார். பாதியில் நிறுத்திக் கேட்டபோது ஆளுக்கொரு பதில் வந்தது. எல்லாமே தப்பு. நாய் வேறொரு வீட்டில் சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருந்தது. சிறுமி அதைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டாள்.

வாசித்து முடித்ததும் ஒரு குரல், “இன்னொரு தடவை படிங்க டீச்சர்” என்றது.

ஆய்வாளர் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினார்: ‘இரண்டாவது கதையை ஒருவராலும் ஊகிக்க முடியவில்லை. இப்புத்தகத்தைத் தவிர்க்கவும்.’

அவர் கிளம்பியதும் டீச்சர் அந்தக் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். “இவர் இப்படித்தான் எழுதுவார்னு நான் ஊகிச்சுட்டேன்.”