ஒரு வேன் நிறைய மூக்கு

போன வாரம் மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் என் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இத்தனைக்கும் நான் பேஷன்ட்டே இல்லை... துணைக்குப் போனவன்.

பேஷன்ட், என் அண்ணன் மகள் கஸ்தூரி. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, "மூக்கச் சின்னதாக்காம சாப்பிட மாட்டேன்" என்று படுத்துவிட்டாள். யாரோ ஒரு நடிகை செய்துகொண்டதாகப் பத்திரிகையில் படித்தாளாம். இந்தப் பத்திரிகைக்காரர்களை உதைக்க வேண்டும் — என்னையும் சேர்த்துத்தான்.

அண்ணனுக்கு அருப்புக்கோட்டையில் நூல் கடை. கறாரான ஆள், மகள் அழுதால் மட்டும் உருகிவிடுவார். உடனே வேன் பிடித்தார்.

வேன் எதற்கு என்கிறீர்களா? எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குத் தலைவலி என்றாலும் மொத்தப் பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் சண்டை வந்துவிடும். அண்ணன், அண்ணி, அக்கா, நான்... அப்புறம் அக்கா மகன் செல்வம். கஸ்தூரிக்கு இவன்தான் என்று பெரியவர்கள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். அவர்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திகைத்துப்போனார். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பம் அல்லவா? எல்லார் முகத்திலும் ஒரே மூக்கு — குண்டுக் கத்திரிக்காய் சைஸில்.

"இதுல ஆபரேஷன் யாருக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து என்னுடையதைப் பிடித்துவிட்டார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "எங்க மூக்குக்கு என்ன கொறையாம்? எங்கப்பா இந்த மூக்க வச்சுக்கிட்டுத்தான் திருச்சுழி வரைக்கும் யாவாரம் பாத்தாக."

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. எந்தச் சாமானையும் எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்காமல் வாங்க மாட்டார். "டாக்டரய்யா, இப்பச் செஞ்சுட்டா, நாளப்பின்ன இவளுக்குப் பொறக்குற புள்ளைகளுக்கும் சேத்துச் சரியாயிருமா?"

"ஆகாதுங்க. அது பிறவியிலேயே வர்றது" என்றார் டாக்டர். "நீங்க சொந்தத்துலயே கட்டிக்கொடுத்தா, வேற மூக்கு எங்கேருந்து வரும்?"

கஸ்தூரி மெல்லத் திரும்பினாள். மூலையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்ற செல்வத்தின் மூக்கை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு ஆபரேஷன் வேணாம். எம்மூக்கு இப்பிடியே இருக்கட்டும். மாப்பிள்ளைய மாத்திருங்க."

ஊர் வந்து சேரும்வரை வேனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை... பின் சீட்டில் விசிலடித்துக்கொண்டே வந்த செல்வத்தைத் தவிர!