ஆன்-கால் வரிசையில் முதல் பெயர்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. போன வாரம் பி.ஆர்., அதாவது நிரந்தரமாக இங்கே தங்கும் உரிமை, கைக்கு வந்துவிட்டது. இனி யாருக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் ஸ்ரீகாந்த். சிட்னியில், ஹோம்புஷில் இருக்கிறேன். மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சர்வர் வேலை. அங்கே இரண்டு சர்வர்கள் ஜோடியாக ஓடும். ஒன்று விழுந்தால் மற்றது உடனே வேலையை ஏற்றுக்கொள்ளும். இந்த ஜோடிக்குக் கிளஸ்டர் என்று பெயர். எந்தக் காலத்திலும் நிற்காது என்று கம்பெனி பீற்றிக்கொள்ளும்.

ஜூன் மாதம் வரிசையாக இரண்டு ஞாயிறு நின்றது. பழி என் மேல்.

"அலர்ட் வந்தும் தூங்கிட்டீங்க ஸ்ரீகாந்த். திங்கட்கிழமை காரணத்தோட வாங்க. இல்லேன்னா ஸ்பான்சர்ஷிப் பேப்பர்ல என் கையெழுத்து கிடையாது," என்றார் மேலாளர் நரசிம்மன். நம் ஊர்க்காரர்தான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் வேலை போகும், விசா போகும், மனைவியும் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சர்வர் விழுந்தால் போனில் அடிக்கும் அந்த அலர்ட்டே எனக்கு வரவில்லை என்றேன். யார் கேட்கிறார்கள்?

மூன்றாவது ஞாயிறு மாலை சர்வர் அறைக்கே போனேன். இங்கே ஜூன் குளிர்காலம், ஐந்தரைக்கே வெளியே கும்மிருட்டு. உள்ளே ஆள் கிடையாது. மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும். ஆள் நடந்தால் எரிந்து, அசையாமல் நின்றால் அணைந்துவிடும் விளக்குகள்.

சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் கோப்புகளைத் திறந்து படித்தேன். பற்றிக்கொண்டு வந்தது. அலர்ட் போயிருக்கிறது... எனக்கு அல்ல.

எங்கள் முறை இதுதான். எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டியவர்களின் பட்டியல்தான் ஆன்-கால் வரிசை. அலர்ட் முதலில் அதன் முதல் ஆளுக்குப் போகும். அவர் போனில் 'ஏற்றேன்' என்று அழுத்தாவிட்டால்தான் இரண்டாவது ஆளான எனக்கு வரும். முதல் பெயர் கஜீவன். நான் சேர்வதற்கு முன்பே வேலையை விட்டுப் போனவர் என்று சொல்லியிருந்தார்கள். போனவரின் பெயரை எடுக்கக்கூட அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் நேரமில்லை.

இரண்டு ஞாயிறும் அவர் நான்கே நொடியில் ஏற்றிருந்தார்.

அதோடு விடவில்லை. கிளஸ்டரைப் பராமரிப்பு நிலையில் போட்டிருந்தார். 'நான் கைவைத்திருக்கிறேன், நீயாக எதையும் மாற்றாதே' என்று அதற்குப் பொருள். பிறகு அந்த நிலையை விலக்கும் கட்டளையைப் பாதி அடித்து, அப்படியே விட்டிருந்தார். இரண்டு முறையும் அதே எழுத்தில். அதனால்தான் ஒன்று விழுந்தும் மற்றது ஏற்கவில்லை.

யாரோ வயிற்றெரிச்சலில் அவர் பெயரில் வீட்டிலிருந்து செய்கிறான் என்று நினைத்தேன். எங்கிருந்து நுழைந்தான் என்று தேடினேன்.

வீட்டிலிருந்து அல்ல. இதே அறை. இரண்டாம் வரிசையில் இருக்கும் கீபோர்டு.

கதவுப் பதிவைப் பார்த்தேன். அந்த நாட்களில் யாருமே உள்ளே வரவில்லை.

ஆன்-கால் பெயர்கள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். கஜீவன் பெயரை அழித்தேன். சேமித்தேன்.

மணி 7.12. முதல் சர்வர் மறுபடியும் விழுந்தது.

இப்போது என் போன் அடிக்க வேண்டும்.

அடிக்கவில்லை...

திரையில் ஒரு வரி வந்தது. 'ஏற்றவர்: கஜீவன்.'

கான்ஃபிக்கைத் திறந்தேன். அழித்த பெயர் அங்கேயே இருந்தது.

இரண்டாம் வரிசையில் விளக்கு எரிந்தது.

டக்... டக் டக்... டக்...

"யாரு?"

சத்தம் நின்றது.

"தம்பி... வந்திட்டீங்களோ?"

எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. திரையில் பாதிக் கட்டளை. கீழே, என் காலடியில், யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம்...

மீதியை அடித்தேன். என்டர்.

இரண்டாவது சர்வர் வேலையை ஏற்றது.

மூச்சு நின்றது.

விளக்கும் அணைந்தது.

எப்படி வெளியே ஓடி வந்தேன் என்று இன்றும் நினைவில்லை.

மறுநாள் நரசிம்மன் லாக்கைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இதை வெளியில பேசாதீங்க," என்று சொல்லி, அங்கேயே பேப்பரில் கையெழுத்துப் போட்டார். மாதக்கணக்கில் நான் கெஞ்சிய கையெழுத்து!

அன்று மாலை கஜீவனின் மனைவி சிவகௌரியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். சிட்னியிலேயே, கிரவீனில் இருக்கிறார். உங்கள் கணவர் ஏன் வேலையை விட்டார் என்று கேட்டேன்.

"வேலையை விட்டவரோ? ஆர் சொன்னது?" அவர் கசப்பாகச் சிரித்தார். "அவர் அந்த அறைக்குள்ளதான் செத்தவர், தம்பி. ஒக்டோபர் லோங் வீக்கெண்ட். தனிய நிண்டு வேலை செய்யேக்க நெஞ்சுவலி. உடன உயிர் போகேல்லையாம்."

"உதவிக்கு யாரையும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டவர். போன்ல அந்த அலர்ட்தான் திறந்து கிடந்தது. 'அடுத்த ஆளைக் கூப்பிடு' எண்ட பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார். பொலிஸ் காட்டினது. ஒருத்தரும் வரேல்லை."

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சம்பளம் மிச்சம் என்று இரண்டாவது ஆளின் இடத்தை அப்போது காலியாக வைத்திருந்தார்கள். ஜனவரியில் அந்த இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள்.