மெஹபூப் பீயும் சர்பத் பாட்டிலும்

எங்கள் தெரு மெஹபூப் பீயைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் அவள் கையால் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள்.

அவள் கணவர் அன்வர் பாஷா, செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சாலையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர். ஒரே மகள் முன்னி. எட்டு வயது, சரியான வாயாடி. 1960 மார்ச் வெயிலில் அடம்பிடித்து முதல் நோன்பு வைத்தாள். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கழுத்தில் போட மல்லிகை மாலை, புதுப் பாவாடை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் என்று ஏக அமர்க்களம்.

வருகிறவர்கள் உட்காரும் கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி. காலியான நன்னாரி சர்பத் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு மெஹபூப் பீ காலையிலேயே பாண்டுரங்கன் கடைக்குப் போனாள். எங்கள் ஊர் வழக்கமே அதுதான். கடலை எண்ணெயோ மூட்டைப்பூச்சி மருந்தோ, நாம் நீட்டுகிற பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். மருந்தும் சர்பத் நிறம். கட்டிலுக்குத் தெளித்தது போக மீதியை அடுப்படி அலமாரியில் வைத்தாள்.

மதியம் முன்னிக்குத் தாகம் தாங்கவில்லை. தண்ணீர்க் குடம் இருந்த இடத்தில் பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் யாருமில்லை, அலமாரியில் சர்பத் பாட்டில். வீடு முழுக்க மருந்து நெடி, இதில் பாட்டிலின் நெடி பிள்ளைக்குத் தனியாகவா தெரியும்? யாரும் பார்ப்பதற்குள் மடக் மடக்கென்று குடித்துவிட்டாள்.

குழந்தை சுருண்டு படுத்ததும் நோன்புக் களைப்பு என்று நினைத்தார்கள்.

"எதுனா குடிச்சியா கண்ணு?" என்றாள் தாய்.

"இல்லம்மா. நான் நோன்பு."

வாயில் நுரை தள்ளிய பிறகுதான் மெஹபூப் பீ ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில், "தாகமா இருந்துச்சும்மா, யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாளாம் முன்னி. வண்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மல்லிகை மாலை அவளோடு கபர்ஸ்தானுக்குப் போனது.

துக்கம் விசாரிக்க வந்த தெரு அங்கேயே பஞ்சாயத்து பேசியது. "பெத்தவளுக்குக் கண்ணு எங்க போச்சு?" பாண்டுரங்கன் கையை விரித்தார்: "அவங்க இன்னா பாட்டில் கொண்டாந்தாலும் ஊத்தறோம். நானா அலமாரில வெக்கச் சொன்னேன்?"

கடைமேல் புகார் கொடுக்க மெஹபூப் பீ தாலுகா ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி, "அதுக்கெல்லாம் சட்டம் இல்லம்மா. பிள்ளைய நீதான் பாத்துக்கணும்" என்றார்.

"பாத்துக்கலதான் சார். என் தப்ப அல்லா கேப்பான். அந்தக் கடைய யாரு கேப்பாங்க?"

யாரும் கேட்கவில்லை. அதனால் அவளே கேட்டாள். சந்தை நாள் தவறாமல் கடை வாசலில் நின்று, பாட்டிலோடு வருகிற பெண்களை மறித்தாள். திட்டினார்கள், தள்ளிவிட்டார்கள். அவள் நகரவில்லை.

1968-இல் பூச்சி மருந்துக்குச் சட்டம் வந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அதற்கும் சில வருடம் கழித்துத்தான் பாண்டுரங்கன் கடைக்குச் சீல் வைத்த டின்கள் வந்தன. மேலே மண்டையோடு, குறுக்கே எலும்பு. மெஹபூப் பீ அன்று ஒரு டின்னைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு காலை, எதிர்வீட்டு அம்மாக்கண்ணுவின் சின்ன மகள் பால் வாங்கிக்கொண்டு வந்தாள். கையில் மண்டையோடு போட்ட டின். மெஹபூப் பீ பாய்ந்து பிடுங்கிப் பாலைச் சாக்கடையில் கொட்டினாள்.

அம்மாக்கண்ணு தெருவே அதிரக் கத்தினாள். "இன்னாம்மா, பித்துப் பிடிச்சிருக்குதா உனக்கு? நல்ல டின்னு, வீணாப் போவுதேன்னு எடுத்தேன். சீயக்கா போட்டுக் கழுவிட்டுத்தான் குடுத்தேன்!"

மெஹபூப் பீ டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் பாட்டில நல்லாக் கழுவிட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன், அம்மாக்கண்ணு."

அம்மாக்கண்ணு உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வந்தாள். அவள் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.