ஜலதோஷத்துக்கு அவுட்டா?

இன்னைக்கு ஜனக்புரி மருந்துக்கடையில கமலா டீச்சரைப் பார்த்தேன். எண்பதுகள்ல, ஆறாம் வகுப்புல எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவங்க.

எங்க வகுப்புல எல்லாருமே டெல்லியில பிறந்தவங்க. தமிழ்ல ஆரம்பிச்சா பாதியில ஹிந்தி வந்துடும். திட்டித் திட்டி அலுத்துப்போன டீச்சர், ஒருநாள் வகுப்பை ரெண்டு அணியாப் பிரிச்சு கிரிக்கெட் ஆரம்பிச்சாங்க. தமிழ்ல ஒரு வாக்கியம் பேசினா ஒரு ரன். அதுல 'ழ' சரியா வந்தா சிக்ஸர். ஹிந்தி வார்த்தை வந்தா அவுட்.

ஜெயிக்கணும்னே நான் வீட்டுல அப்பாகிட்ட தமிழ்ல மட்டும் பேசிப் பழகினேன்.

கடைசி மேட்ச்ல எங்களுக்கு ஒரே ஒரு ரன் தேவை, அவுட் ஆகாம மிச்சமிருந்தது நான் மட்டும்தான். நான் எழுந்து, "எனக்கு ஜல..."ன்னு ஆரம்பிச்சேன். சீக்கிரம்ங்கிறதுக்கு ஹிந்தியில 'ஜல்தி'ன்னு சொல்ல வர்றேன்னு நினைச்சு டீச்சர் விரலைத் தூக்கிட்டாங்க. அம்பயரை எதிர்த்துப் பேசக்கூடாதுங்கிறது விதி. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

இன்னைக்குக் கேட்டுட்டேன்.

"டீச்சர், அன்னைக்கு நான் சொல்ல வந்தது ஜலதோஷம்."

கொஞ்சம் யோசிச்சாங்க. "அது சமஸ்கிருதமாச்சேம்மா?"

"ஹிந்தி இல்லையே, டீச்சர்."

சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சரி, நாட் அவுட். உங்க அணிதான் ஜெயிச்சது, போ."

ஒண்ணும் புரியாம கடைக்காரரும் சேர்ந்து சிரிச்சார்.

எதிரணித் தலைவன் சேகர் இதைப் படிப்பான்னு தெரியும். இப்ப அவன் பெரிய வக்கீல். அப்பீல் பண்றதுன்னா கமெண்ட்டுல பண்ணுப்பா, தமிழ்ல.