ஐந்து தலை, ஐந்து முட்டை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். கண்ணாத்தாளுக்குச் சிரிப்புதான் வரும். அதுவும் நெடுங்கரைத் திடல் பாம்பென்றால் கேட்கவே வேண்டாம்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் மேடாகக் கிடந்தது அந்தத் திடல். அதில் ஒரு புற்று. உள்ளே ஐந்து தலை நாகம். அதற்கு இறக்கை உண்டாம், வாயைத் திறந்தால் நெருப்பாம், காலடியில் புதையலாம். பாம்புக்குக் காலேது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அங்கே குடிசை போட்டவன் கண் அவிந்துபோகுமாம். எல்லாம் மிராசுதார் துரைராசு அவிழ்த்துவிட்ட சரக்கு. மேடையில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டியோடு பகுத்தறிவு பேசுவார். இறங்கி வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் புற்றடியில் தலைக்கு ஒன்றாக ஐந்து முட்டை வைப்பார். மறுநாள் காலையில் முட்டை இருக்காது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அவர் களத்துக்குக் காவல் வேண்டியிருந்தது. அதனால் பண்ணையாள் முருகையனையும் அவன் பெண்டாட்டி கண்ணாத்தாளையும் திடல் ஓரத்தில் குடிசை போடச் சொன்னார். கண் அவியும் சாபம் அவர்களுக்கு மட்டும் தள்ளுபடி.

முதல் சனிக்கிழமையே விடியுமுன் கண்ணாத்தாள் அந்த முட்டைகளை எடுத்து அவித்துவிட்டாள். மூன்று பிள்ளைகளும் பசியில் சுருண்டு கிடக்கும்போது பாம்பாவது, பூதமாவது! முருகையனுக்குத்தான் உதறல். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தின்றான். முட்டை ஓடுகளைக் குடிசையோரப் பூசணிக் குழியில் போட்டு மூடினாள். பன்னிரண்டு வருஷம் இதே கதை.

பினாங்கில் இருந்துவிட்டு வந்து கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ் ஒருநாள் சொன்னார்: "எல்லா நாட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு புள்ள. சீனாக்காரனுக்கு அது மழை குடுக்குது. வெள்ளக்காரன் ஊர்ல தங்கத்து மேல படுத்துக் கெடக்குது."

"நம்ம ஊர்லதான் பாய் அது மிராசு நெலத்துக்குக் காவல் கெடக்குது" என்றாள் கண்ணாத்தாள்.

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலியாளுக்கு அந்த மனையே சொந்தம். மறுவாரமே துரைராசுவின் ஆட்கள் குடிசையைப் பிரித்து, கம்பு கீற்றுகூட மிச்சமில்லாமல் வண்டியேற்றிவிட்டார்கள். பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் கிடந்தாள் கண்ணாத்தாள். மனை போனால் இனி வாழ்நாளெல்லாம் கரைதான்.

கண்ணாத்தாள் கொடுத்த மனுவை விசாரிக்கத் தாசில்தார் திடலுக்கே வந்தார். ஊரே கூடிவிட்டது.

"முட்டை சமாச்சாரத்த வெளிய விட்டுடாதடி. சாமி குத்தம். தெருவே நம்மள ஒதுக்கிடும்" என்று முருகையன் காதைக் கடித்தான்.

துரைராசு நெஞ்சை நிமிர்த்தினார். "இங்க எவனும் குடியிருந்ததில்ல சார். நாகம்தான் குடியிருக்கு. பன்னெண்டு வருஷமா அஞ்சு முட்டை வைக்கிறேன். ஒரு வாரம் தவறாம சாப்பிட்டிருக்கு. ஊரைக் கேளுங்க."

ஊர் தலையாட்டியது. வெட்கங்கெட்ட ஊர்!

கண்ணாத்தாள் முன்னால் வந்தாள். "சார், அய்யா சொன்னத அப்படியே எழுதிக்குங்க. முட்டையத் தின்னது எதுவோ அதுதான் இங்க குடியிருந்துச்சு. சரிதானுங்களே அய்யா?"

"ஆமாடி. அதுல என்ன சந்தேகம்?"

அவள் மண்வெட்டியை வாங்கிப் பூசணிக் குழியைக் கொத்தினாள். வெள்ளை வெளேரென்று முட்டை ஓடு. கொத்தக் கொத்த வந்துகொண்டே இருந்தது.

"பாம்பு முட்டைய முழுசா முழுங்கும் சார். அவிச்சு உரிச்சா தின்னும்? தின்னது நாங்க. பன்னெண்டு வருஷமா இங்கதான் இருந்தோம். அய்யாவே சாட்சி."

நுணலும் தன் வாயால் கெடும். துரைராசு வாயைத் திறந்தார். நெருப்பு வரவில்லை, புகைகூட வரவில்லை.

பிள்ளை வரம் கேட்டுப் புற்றைச் சுற்றிய ரெங்கம்மாள்தான் பதறினாள். "அடிப்பாவி! சாமி முட்டையையா தின்ன? கண்ணு அவிஞ்சுடாது?"

"நல்லாத்தான் தெரியுதுக்கா. அய்யா மூஞ்சி கறுத்துப்போனதுகூடத் தெரியுது."

பட்டா அவள் பேருக்கே வந்தது. தெரு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும், கிடக்கிறது. புற்றடியில் முட்டை வைப்பதும் நின்றது. பட்டா வந்த அடுத்த வெள்ளிக்கிழமை அஜீஸ் கடைக்குப் போய் முட்டை கேட்டாள்.

"எத்தன புள்ள?"

"அஞ்சு. தலைக்கு ஒண்ணு" என்றாள் கண்ணாத்தாள். "திடல்ல குடியிருக்குறது அஞ்சு தலைதான் பாய்."